நாஷ்வில்லா ஆஸ்டினா? எங்க வீட்டு ஓயாத பஞ்சாயத்து

லாங் வீக்எண்ட் வந்தாலே எங்க வீட்ல இந்தச் சண்டை ஆரம்பிச்சிடும். எனக்கு டென்னசியில இருக்கற நாஷ்வில், எங்க வீட்டுக்காரருக்கு டெக்சாஸ்ல இருக்கற ஆஸ்டின், ரெண்டுமே அமெரிக்காவுல பாட்டுக்குப் பேர் போன ஊர். ரெண்டு ஊருக்குமே ரெண்டு மூணு தடவை போயாச்சு, இன்னும் தீர்ப்பு வரல.

வெளியில இருந்து பாத்தா ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான். ரெண்டு மாநிலத்துலயும் சம்பளத்துக்கு ஸ்டேட் இன்கம் டாக்ஸ் கிடையாது, அதனாலயே கம்பெனிங்க மூட்டை கட்டிட்டு வருது. டெஸ்லா 2021ல ஹெட் ஆபீஸை ஆஸ்டினுக்கு மாத்துச்சு, ஆரக்கிள் ஆஸ்டின்ல உக்காந்துகிட்டே 2024ல இனிமே நாஷ்வில்தான் எங்க தலைமையிடமா இருக்கும்னு சொல்லிடுச்சு. 2020 சென்சஸ்ல ஆஸ்டின் 9.6 லட்சம், நாஷ்வில் 6.9 லட்சம். எங்க திரும்பினாலும் கிரேன், எந்த ரோட்டுக்குப் போனாலும் டிராஃபிக், அது ரெண்டுக்கும் பொது.

பாட்டு விஷயத்துலதான் ரெண்டும் வேற வேற ஜாதகம்.

நாஷ்வில்லுக்குப் பாட்டு ஊர்னு பேர் வந்ததுக்கு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிதான் பெரிய காரணம்னு சொன்னா நம்புவீங்களா? டபிள்யூ.எஸ்.எம் ரேடியோவை ஆரம்பிச்சதே பாலிசி விக்கிறவங்கதான், அந்த மூணு எழுத்தே கம்பெனியோட விளம்பர வாசகத்துல இருந்து வந்ததுதான். 1925 நவம்பர்ல அதுல ஆரம்பிச்ச கிராமத்துப் பாட்டு நிகழ்ச்சிதான் கிராண்ட் ஓல் ஆப்ரி, நூறு வருஷம் தாண்டி இன்னும் ஓடிட்டிருக்கு. 1943ல இருந்து 1974 வரைக்கும் அது நடந்த இடம் ரைமன் ஆடிட்டோரியம், 1892ல பிரார்த்தனைக் கூடமா கட்டினது, இன்னிக்கும் சர்ச் மர பெஞ்சுலதான் உக்காரணும், முதுகு வலிச்சிடும், ஆனா சவுண்டு அப்படி இருக்கும். புது அரங்கத்துக்குப் போனப்ப ரைமன் மேடையில இருந்து ஆறடி வட்டமா ஓக் பலகையை அறுத்து எடுத்துட்டுப் போய்ப் புது மேடை நடுவுல பதிச்சிட்டாங்க. 2010ல கம்பர்லாண்ட் ஆறு பொங்கி அந்த மேடையே தண்ணிக்குள்ள போச்சு, அப்பவும் அந்த வட்டத்தைக் காய வச்சு சரிபண்ணி மறுபடி அதே இடத்துல வச்சாங்க. அதுல நின்னு பாடுறதுன்னா அங்க பாடுறவங்களுக்கு அரங்கேற்றம் மாதிரி.

எனக்கு ரொம்பப் பிடிச்சது வேற. நாஷ்வில் பாட்டு *எழுதுற* ஊர். காலையில பத்து பதினோரு மணிக்கு ஆபீஸ் மீட்டிங் மாதிரி ரெண்டு மூணு பேர் ஒரு ரூம்ல உக்காந்து சேந்து பாட்டு எழுதுவாங்க. ஸ்டுடியோ வாசிப்புக்காரங்க கையில இருக்கற பேப்பர்ல நோட்டேஷனே இருக்காது, வெறும் 1, 4, 5னு நம்பர். நம்ம ச, ம, ப கணக்குதான் அது! பாடுறவருக்குத் தொண்டை சரியில்லன்னா அரைக்கட்டை இறக்கிக்கலாம், பேப்பரை மாத்தவே வேண்டாம். பாட்டு க்ளாஸ்ல சுருதி மாத்தினா ஸ்வரம் மாறாதுன்னு டீச்சர் சொல்லிக்குடுத்ததை இவங்க 1950கள் கடைசியில தனியா ஒரு முறையாவே பண்ணி வச்சிருக்காங்க.

ப்ளூபேர்ட் கஃபேன்னு ஒரு சின்ன இடம், 1982ல ஆரம்பிச்சது, ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ்ல சலூன் பக்கத்துக் கடை மாதிரி இருக்கும், தொண்ணூறு பேர் உக்காந்தா ஃபுல். நடுவுல நாலு பேர் வட்டமா உக்காந்து ஆளுக்கொரு பாட்டு. பாட்டெல்லாம் பெரிய ஸ்டார் பாடி ஹிட் ஆனது, ஆனா எழுதினவர் இவர், உங்க முழங்கை தூரத்துல. நாங்க போன அன்னிக்குப் பக்கத்து டேபிள்ல ஒருத்தர் மெல்ல ஏதோ பேச ஆரம்பிச்சார், வெயிட்டர் பொண்ணு வந்து உதட்டுல விரல் வச்சுட்டுப் போச்சு. தனி ஆவர்த்தனத்துக்கு கேண்டீன் பக்கம் எந்திரிச்சுப் போற சபா கூட்டத்தை நினைச்சு நான் சிரிச்சுட்டேன்.

இதே ஊர்ல பிராட்வே தெருன்னு ஒண்ணு இருக்கு, அதுதான் என் புலம்பல். என்ட்ரி ஃப்ரீ, மூணு மாடி, மாடிக்கொரு பேண்ட், மணிக்கணக்கா வாசிச்சுட்டு டிப்ஸ் பக்கெட்டை நீட்டுறாங்க, கீழ கல்யாணப் பொண்ணு பார்ட்டி கூட்டம் பீர் வண்டியை சைக்கிள் மாதிரி மிதிச்சுக்கிட்டே கத்திட்டுப் போகுது. பாவம், அந்த கிட்டார்காரர் எந்த ஊர்லயும் ஸ்டாரா இருப்பார். இன்னொரு விஷயம், கறுப்பின மக்களோட பாட்டு கிளப்புகள் இருந்த ஜெஃபர்சன் ஸ்ட்ரீட்டை 1960கள்ல ஹைவே போட்டு ரெண்டா வெட்டிட்டாங்க, கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசிச்சு வளந்த தெரு அது. கண்ட்ரி மியூசிக் மட்டும்தான் நாஷ்வில்னு நினைக்கறவங்க, கறுப்பின மாணவர்கள் படிச்ச ஃபிஸ்க் யுனிவர்சிட்டியோட ஜூபிலி சிங்கர்ஸ் 1871லயே ஊர் ஊராப் பாடிப் பணம் சேத்துக் காலேஜைக் காப்பாத்தின கதையைத் தேடிப் பாருங்க.

ஆஸ்டின்? அது *கேக்குற* ஊர். கண்ட்ரி பாடகர் வில்லி நெல்சனே நாஷ்வில்ல மத்தவங்களுக்கு ஹிட் எழுதிக் குடுத்துட்டு, தன் பாட்டைத் தன் இஷ்டத்துக்குப் பாட விடலன்னு 1970கள் ஆரம்பத்துல ஆஸ்டினுக்குப் போனவர்தான். அவரை வச்சு 1974ல முதல் எபிசோடு எடுத்த டிவி பாட்டு நிகழ்ச்சிதான் ஆஸ்டின் சிட்டி லிமிட்ஸ், இன்னும் வருது. ப்ளூஸ், ராக், டெஹானோங்கற டெக்சாஸ் மெக்சிகன் பாட்டு, எது வேணா கலந்து வரும், யாரும் டை கட்டிட்டு காண்ட்ராக்ட் நீட்ட மாட்டாங்க. அதான் பிரச்சனையும், வாசிக்கிறவங்களுக்கு வருமானம் கம்மி, வாடகை மட்டும் ஐடி சம்பளத்துக்கு ஏத்த மாதிரி ஏறுது. 'உலகத்தோட லைவ் மியூசிக் தலைநகரம்'னு 1991லயே பட்டம் சூட்டிக்கிட்ட ஊர், ஆனா அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே ஆபீஸ் கட்டடத்துக்காக அர்மடில்லோங்கற கச்சேரி அரங்கத்தை இடிச்சாச்சு. 1964ல ஊர் எல்லையில கட்டின ப்ரோக்கன் ஸ்போக் டான்ஸ் ஹால் இப்ப ரெண்டு பக்கமும் அபார்ட்மென்ட் நடுவுல தாழ்வாரம் மாதிரி உக்காந்திருக்கு. உள்ள போனா சீலிங் கையில இடிக்கும், தாத்தா பாட்டி ஜோடி ஜோடியா ஆடுவாங்க, என் வீட்டுக்காரர் அதைப் பாத்துதான் கவுந்தார்.

குடித்தனம் பண்றதுக்குன்னா வாக்குவாதமே வேண்டாம், ஆஸ்டின்தான். ஊரை ஒட்டின ரவுண்ட் ராக், சீடர் பார்க் பக்கம் போனா பக்கத்து வீட்ல தமிழ் கேக்கும். நாஷ்வில்ல பெல்வியூ கணேசர் கோயில் நல்லா இருக்கும், ஆனா நம்ம கூட்டம் சின்னது. கடைக்குப் போனா சேல்ஸ் டாக்ஸ் அங்க 9.75 சதவீதம், ஆஸ்டின்ல 8.25. வீடு வாங்கினா டெக்சாஸ் ப்ராப்பர்ட்டி டாக்ஸ் அதை வட்டியோட வசூல் பண்ணிடும், அது வேற கதை.

ரெண்டு நாள் பாட்டு கேக்கப் போறதா இருந்தா நான் நாஷ்வில்தான் சொல்வேன். ப்ளூபேர்ட் டிக்கெட் ஓப்பன் ஆகி சில நிமிஷத்துல காலி ஆயிடும், ரெண்டு போன்ல ட்ரை பண்ணுங்க. கிடைக்கலன்னா திங்கக்கிழமை ஓப்பன் மைக்குக்கு சீக்கிரமே போய் லைன்ல நில்லுங்க, பேர் தெரியாத யாரோ நேத்து எழுதின பாட்டை நடுங்கிக்கிட்டே பாடுவாங்க.