லிங்க்ட்இன்: இலவசக் கணக்கா, பிரீமியமா?

வேலை தேடுபவருக்கு வேண்டியதில் பெரும்பகுதி லிங்க்ட்இன்னின் இலவசக் கணக்கிலேயே இருக்கிறது: வேலை அலர்ட், விண்ணப்பம், ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கும் ‘ஓப்பன் டு வொர்க்’ (வேலை தேடுகிறேன் என்ற குறிப்பு). வேலை தேடுபவருக்கான கட்டணத் திட்டமான பிரீமியம் கேரியரில் கூடுதலாக மாதம் 5 இன்மெயிலும் (தொடர்பில் இல்லாதவருக்கும் நேரடியாக அனுப்பும் செய்தி), புரொஃபைலைப் பார்த்தவர்களின் நீண்ட பட்டியலும் கிடைக்கும். பெயரை மறைக்கும் பிரைவேட் மோடில் பார்த்தவர் யாரென்பது மட்டும் காசு கொடுத்தாலும் தெரியாது.

இன்மெயில்தான் கொடுக்கும் காசுக்கு உரிய சரக்கு. 90 நாளுக்குள் பதில் வந்தால் அந்த இன்மெயிலுக்கான கிரெடிட் திரும்பக் கிடைக்கும். “வேலை இருந்தால் சொல்லுங்கள்” என்று அனுப்பி வீணாக்காதீர்கள். பதவியின் பெயர், உங்கள் அனுபவம், ஒரே ஒரு கேள்வி. நான்கு வரி போதும். யாருக்கு எழுதுவது என்று பெயர்கள் கையில் இருந்தால் ஒரு மாதம் எடுக்கலாம், மற்றவருக்கு இலவசமே போதும்.

ரெஸ்யூமே தயாராகுமுன் பிரீமியத்தின் இலவச ட்ரையலைத் தொடங்கினால் ட்ரையல் நாட்களெல்லாம் அதைத் திருத்துவதிலேயே கரையும். ரத்து செய்வதைக் கடைசி நாளுக்கு முன்பே முடியுங்கள். தவறினால் கார்டிலிருந்து பணம் எடுத்துவிடுவார்கள்.