பழைய இன்டெல் மேக்கில் விண்டோஸ் கேம்: பூட் கேம்ப் இன்னும் தேறுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்கள் மேக்கில் எம்1, எம்2 வகை சிப் இருந்தால் இதைப் படித்துப் பயனில்லை, மேக்கில் விண்டோஸைப் போட உதவும் பூட் கேம்ப் அதில் கிடையாது. இன்டெல் மேக் வைத்திருப்பவர்களுக்கும், மலிவாகக் கிடைக்கிறதே என்று செகண்ட் ஹேண்டில் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும்தான் இந்த விமர்சனம். நான் ஓட்டுவது 2017ல் வந்த 27 இன்ச் ஐமேக், ரேடியான் புரோ 575, 4 ஜிபி கிராஃபிக்ஸ் மெமரி. கேமுக்கென்று யாரும் வாங்குகிற மெஷின் இல்லை, ஆனால் பெரிய திரையும் ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் மேசைமேல் சும்மா இருக்கும்போது மேக்ஓஎஸ் பக்கம் ஓடுவதற்குக் கேமே இல்லை என்பதுதான் எரிச்சல்.

அந்த எரிச்சலுக்குக் காரணம் உண்டு. 2019ல் வந்த கேட்டலினா என்ற மேக்ஓஎஸ் பதிப்பு 32 பிட் அப்ளிகேஷன்களை மொத்தமாக நிறுத்தியது, ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த பழைய கேம்களில் பாதி அதோடு போயிற்று. ராக்கெட் லீக் 2020ல் மேக்கைக் கைவிட்டது, கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 2023ல் வந்தபோது மேக்குக்கு வரவே இல்லை. சரி, இப்போது பெரிய கேம்கள் மேக்குக்கு வருகிறதே என்றால், சைபர்பங்க் 2077 போல 2025ல் வந்ததுகூட ஆப்பிள் சிலிக்கானுக்கு, அதாவது எம்1, எம்2 வகை சிப்புகளுக்கு மட்டும். ஆக இன்டெல் மேக்காரர்களுக்கு அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை.

பூட் கேம்ப் ஆப்பிளே இலவசமாகத் தருவது, 2006ல் சோதனைப் பதிப்பாக வந்து 2007ல் லெப்பர்ட் என்ற மேக்ஓஎஸ் பதிப்போடு முழுமையாக இணைந்தது. டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் விண்டோஸைப் போடுகிறோம், மெஷினை ஆன் செய்யும்போது ஆப்ஷன் கீயை அழுத்திப் பிடித்து எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கிறோம். விண்டோஸுக்குள் போய்விட்டால் அது முழு விண்டோஸ் பிசிதான், நடுவில் மேக்ஓஎஸ் கிடையாது, ரேம் முழுக்க அதற்கே. மேக்ஓஎஸ்ஸுக்குள்ளேயே விண்டோஸை ஓட்டும் பேரலல்ஸில் ரேமைப் பங்கு போட வேண்டும், டைரக்ட்எக்ஸ் 12 என்ற விண்டோஸ் கிராஃபிக்ஸ் மென்பொருளைக் கேட்கும் கேம்கள் ஓடாது, கூடவே காசும் கட்ட வேண்டும். விண்டோஸ் கேம்களை மேக்ஓஎஸ்ஸிலேயே ஓட்டும் கிராஸ்ஓவர் கெட்டிக்காரத்தனமான மென்பொருள், விண்டோஸே தேவையில்லை, ஆனால் ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் ஆன்ட்டி-சீட் வைத்த ஆன்லைன் கேம்களில் பெரும்பாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். ஜிடிஏ ஆன்லைனில் 2024ல் பேட்டில்ஐ என்ற ஆன்ட்டி-சீட்டைச் சேர்த்த பிறகு பூட் கேம்ப்பின் அருமை எனக்கு இன்னும் நன்றாகத் தெரிந்தது.

இப்போது எல்லாரும் தடுமாறும் இடத்துக்கு வருவோம், எவ்வளவு இடம் ஒதுக்குவது. ஆப்பிள் குறைந்தது 64 ஜிபி என்கிறது, 128 இருந்தால் நல்லது என்கிறது. 64 ஜிபியில் விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் உட்கார்ந்தபின் கேமுக்கு என்ன மிஞ்சும்? ஜிடிஏ 5 ஒன்றே 100 ஜிபிக்கு மேல் கேட்கும். அப்புறம் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், இது பாகப்பிரிவினை மாதிரி, ஒருமுறை வேலி போட்டால் போட்டதுதான். பார்ட்டிஷனின் அளவை மாற்ற பூட் கேம்ப்பில் வழியில்லை, விண்டோஸை முழுதாக அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பிரிக்க வேண்டும். வெளியார் மென்பொருள்கள் அளவை மாற்றித் தருவதாகச் சொல்கின்றன, டேட்டா மேல் ஆசை இருந்தால் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

என் யோசனை, உள் டிஸ்க்கில் 150 ஜிபி அளவுக்கு விண்டோஸுக்குக் கொடுங்கள், கேம்களை வெளியே ஒரு எஸ்எஸ்டியில் வையுங்கள். விண்டோஸையே வெளி டிரைவில் போட பூட் கேம்ப் அனுமதிக்காது, ஆனால் ஸ்டீம் லைப்ரரியை எங்கே வைத்தாலும் அது கவலைப்படாது. ஐமேக்கின் பின்னால் இருக்கும் யுஎஸ்பி-சி போர்ட்டில் செருகினால் கேம் திறக்கும் வேகத்தில் குறையே தெரியவில்லை. அந்த எஸ்எஸ்டியை விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்தால் மேக் பக்கம் படிக்க மட்டும்தான் முடியும், எழுத முடியாது. கேமுக்கு மட்டும் என்றால் அது ஒரு பிரச்சினையே இல்லை.

ஃபியூஷன் டிரைவ், அதாவது சிறிய எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து ஒன்றாக இயங்கும் டிஸ்க், உள்ள ஐமேக் என்றால் கொஞ்சம் கவனம். மேக்ஓஎஸ் வேகமாக ஓடுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள், விண்டோஸ் பார்ட்டிஷன் அதில் சுழலும் ஹார்ட் டிஸ்க் பகுதியில்தான் போய் உட்காரும், எஸ்எஸ்டி பகுதி அதற்குக் கிடைக்காது. விண்டோஸ் 10 ஹார்ட் டிஸ்க்கில் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு நான் மேலே சொல்லத் தேவையில்லை.

பிரிக்கும்போது இடம் போதவில்லை, பிரிக்க முடியவில்லை என்று மறுத்தால் பெரும்பாலும் மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷின் அதே டிஸ்க்கில் சேமித்து வைக்கும் லோக்கல் ஸ்னாப்ஷாட்டுகள்தான் காரணம். டிஸ்க்கில் இடம் காலியாக இருப்பதாகக் காட்டும், ஆனால் உண்மையில் அவை பிடித்துக்கொண்டிருக்கும். டைம் மெஷினின் தானியங்கி பேக்கப்பை நிறுத்தி, அந்த ஸ்னாப்ஷாட்டுகளை நீக்கிவிட்டு மறுபடி ஆரம்பித்தால் சரியாகிவிடும். பிரிக்கும் முன் முழு பேக்கப் கட்டாயம். ஐமேக்கில் பேட்டரி கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம், எங்கள் ஊரில் போல மின்சாரம் திடீர் திடீரென்று போகும் இடமென்றால் யுபிஎஸ்ஸில் செருகிவிட்டுத் தொடங்குங்கள்.

மற்றபடி விண்டோஸ் ஏற்றுவது சுலபம். மைக்ரோசாஃப்ட் தளத்தில் விண்டோஸ் 10 64 பிட் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி பூட் கேம்ப் அசிஸ்டன்ட்டிடம் காட்டினால் போதும், 2015க்குப் பிந்தைய ஐமேக்குகளுக்குப் பென்டிரைவ்கூட வேண்டாம். முடிந்ததும் டிரைவர்களைப் போடும் ஜன்னல் தானாகத் திறக்கும், அதை மூடிவிடாதீர்கள், வைஃபையும் சத்தமும் அதில்தான் வரும்.

கிராஃபிக்ஸ் டிரைவர்தான் இதில் எனக்குப் பிடிக்காத விஷயம். கூட வருவது பழையது, ரேடியான் கார்டைத் தயாரிக்கும் ஏஎம்டி பூட் கேம்ப்புக்கென்று தனியாக வெளியிடுவதும் அபூர்வமாகத்தான், சாதாரண பிசிக்கான டிரைவரை இறக்கிப் போட்டால் அது ஏற்காது. அதனால் புதுக் கேம்கள் சில திறக்கும்போதே டிரைவர் பழசு என்று புலம்பும். ஆர்வலர்கள் மாற்றியமைத்த டிரைவர்கள் இணையத்தில் கிடைக்கின்றன, நன்றாகவே ஓடுகின்றன, ஆனால் அது உங்கள் சொந்தப் பொறுப்பு.

சரி, கேம் எப்படி ஓடுகிறது? திரை 5கே என்பதற்காக 5120 x 2880ல் கேம் ஆடலாம் என்ற கனவு வேண்டாம், அந்தக் கார்டு அழுதுவிடும். 2560 x 1440ல் வையுங்கள், நீளத்திலும் அகலத்திலும் சரி பாதி என்பதால் படம் கலங்காமல் தெளிவாக இருக்கிறது. ஜிடிஏ 5 பழைய பதிப்பு நடுத்தர அமைப்பில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. விட்சர் 3 2022 இறுதியில் வந்த பெரிய அப்டேட்டுக்குப் பிறகு கனத்துவிட்டது, லாஞ்சரில் டைரக்ட்எக்ஸ் 11ஐத் தேர்ந்தெடுத்து, முடியை விதவிதமாக அசைக்கும் அமைப்பை அணைத்துவிட்டால் நிம்மதியாக ஆடலாம். சைபர்பங்க்கை நான் முயலவே இல்லை, அது குறைந்தபட்சம் கேட்பதே 6 ஜிபி கிராஃபிக்ஸ் மெமரி, நம்மிடம் இருப்பது 4. மேக்புக் புரோவில் ஆடுபவர்கள் சார்ஜரை விட்டு நகர முடியாது, இரண்டு கிராஃபிக்ஸ் உள்ள மாடல்களில் விண்டோஸ் பக்கம் பெரிய கார்டு எப்போதும் விழித்தேயிருக்கும், அதனால் சும்மா இருந்தாலும் சூடு.

ஆப்பிளின் மேஜிக் மவுஸில் இடது, வலது பட்டன்களை ஒரே நேரத்தில் அழுத்த முடியாது, குறிவைத்துக்கொண்டே சுட வேண்டிய கேமில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சாதாரண வயர் மவுஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். ஆப்பிள் கீபோர்டில் ஆல்ட் இருக்கும் என்று விரல் பழகிய இடத்தில் கமாண்ட் இருக்கிறது, அது விண்டோஸ் கீயாக வேலை செய்யும், சண்டை நடுவில் ஸ்டார்ட் மெனு எழுந்து நிற்பதைவிட அவமானம் வேறில்லை. புளூடூத் ஹெட்செட்டையும் ஒவ்வொரு முறை பக்கம் மாறும்போதும் மறுபடி இணைக்க வேண்டிவரும், வயர் ஹெட்செட்தான் சரி. ரீஸ்டார்ட் செய்துதான் கேமுக்குள் போகமுடியும் என்பதை எல்லாரும் குறையாகச் சொல்கிறார்கள், எனக்கு அது குறையாகப் படவில்லை, வேலைக்கு நடுவே ஒரு ரவுண்டு என்ற சபலம் தானாகவே ஒழிகிறது.

காலம் இதன் பக்கம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது, கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தால் இன்னொரு வருடம். விண்டோஸ் 11ஐ பூட் கேம்ப் ஆதரிக்காது, இந்த மேக்குகளில் அது கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை. குறுக்கு வழியில் ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் வேலரன்ட் மாதிரி கேம்கள் விண்டோஸ் 11ல் டிபிஎம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடும். அதனால் விண்டோஸ் பக்கத்தைக் கேமுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பேங்க் வேலை, மெயில் எதுவும் அங்கே வேண்டாம். டைம் மெஷின் அந்தப் பார்ட்டிஷனை பேக்கப் எடுக்காது, கேம் சேவ்களை ஸ்டீம் கிளவுடில் விட்டுவிடுங்கள். அலுத்துப்போனால் பூட் கேம்ப் அசிஸ்டன்ட் வழியாகவே நீக்குங்கள், டிஸ்க் யூட்டிலிட்டியில் போய் அழித்தால் அந்த இடம் மேக் பக்கம் ஒழுங்காகத் திரும்பி வராமல் போகலாம்.

கையில் ஏற்கனவே இன்டெல் மேக் இருந்தால் தாராளமாகப் பிரித்துப் போடுங்கள், செலவு என்று பார்த்தால் ஒரு எஸ்எஸ்டியும் ஒரு மவுஸும் விண்டோஸ் லைசென்ஸும்தான். இதற்காகவே செகண்ட் ஹேண்டில் தேடுகிறீர்கள் என்றால் 2017 மாடலை விட்டுவிடுங்கள், அது வென்சுரா என்ற மேக்ஓஎஸ் பதிப்போடு நின்றுவிட்டது. 2020ன் 27 இன்ச் ஐமேக்கைப் பாருங்கள், அதில் எல்லாமே எஸ்எஸ்டி, கார்டும் புதிய தலைமுறை, மேக்ஓஎஸ் டஹோவும் ஏறும். விற்பவர் அதற்குப் புது கேமிங் பிசி விலை சொன்னால் நன்றி சொல்லிவிட்டு அந்தப் பிசியையே வாங்கிவிடுங்கள்.