தொலைக்காட்சி எஃபெக்ட்ஸுக்கு ப்ளெண்டரா, ஹூடினியா?

தொடர்களுக்கு வெடிப்பு, வெள்ளம் போன்ற எஃபெக்ட்ஸைக் கணினியில் செய்யக் கிளம்புபவர்கள் பலர் இந்த இரண்டு 3டி மென்பொருள்களுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

பிறப்பு: ப்ளெண்டர், நெதர்லாந்தில் ஓர் அனிமேஷன் ஸ்டுடியோ சொந்த வேலைக்காக எழுதிக்கொண்டது. 2002-இல் 1,00,000 யூரோ நன்கொடை திரட்டி அதன் மூலநிரலை யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் திறந்துவிட்டார்கள். எனக்கு மிகப் பிடித்த கதை இது. ஹூடினியை கனடாவின் சைட்எஃப்எக்ஸ் 1996-இல் வெளியிட்டது.

செலவு: ப்ளெண்டர் வணிக வேலைக்கும் இலவசம். ஹூடினியின் இலவசப் பதிப்பு கற்க மட்டுமே, படத்தில் வாட்டர்மார்க் விழும். வருமானம் குறைந்தவர்களுக்கு மலிவான இண்டி உரிமம் உண்டு.

எஃபெக்ட்ஸ்: உண்மையான வித்தியாசம் இங்கேதான். ஹூடினியில் ஒவ்வொரு செயலும் ஒரு நோட் (node), அதாவது மற்றவற்றோடு கோத்துவிடும் ஒரு பெட்டி. கட்டடம் இடியும் காட்சி முடிந்தபின் இயக்குநர் "இன்னும் இரண்டு மாடி வேண்டும்" என்கிறாரா? சரியாக அமைத்திருந்தால் தொடக்க நோட்டில் எண்ணை மாற்றி, சிமுலேஷனை, அதாவது இடியும் விதத்தைக் கணினி கணக்கிடுவதை, மறுபடி ஓட்டலாம். விரிசல், சிதறல், தூசி எல்லாம் புது உயரத்துக்கேற்ப வரும். அடுத்த எபிசோடில் வேறு கட்டடத்துக்கும் அதே அமைப்பு உதவும். ப்ளெண்டரிலும் 2021 முதல் ஜியோமெட்ரி நோட்ஸ் என்ற இதேபோன்ற நோட் முறை இருக்கிறது, நன்றாகவே வளர்கிறது. ஆனால் பெரிய வெள்ளம், வெடிப்பு என்றால் ஹூடினியின் கட்டுப்பாடு அதில் இல்லை.

கற்பது: ப்ளெண்டரில் சீக்கிரம் ஒரு ஷாட் முடிக்கலாம். ஹூடினிக்குப் பொறுமையும் கொஞ்சம் கணக்கும் வேண்டும்.

தனியாளாக மாடலிங் (உருவங்களை வடிப்பது) முதல் ரெண்டரிங் (இறுதிப் படமாக்குவது) வரை செய்பவருக்கு ப்ளெண்டர். எஃபெக்ட்ஸ் மட்டுமே தொழில், பெரிய ஸ்டுடியோவில் வேலை என்றால் தயங்காமல் ஹூடினி.