ஜியோஜீப்ரா செயலி: காலமுறைச் சார்பு சொல்லித்தர நம்பி இறக்கலாம்

கிருஷ்ணகிரியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். சைன் எக்ஸ் காலமுறைச் சார்பு, அதாவது ஒரே வடிவம் சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும்; அந்த இடைவெளிதான் பீரியட். அது 2 பை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள், ஆனால் சைன் 3எக்ஸ் என்று மாற்றினால் பாதிப் பேர் 6 பை என்பார்கள். இதற்கு ஜியோஜீப்ராவின் கிராஃபிங் கால்குலேட்டர் அருமையான மருந்து. இலவசம், விளம்பரம் கிடையாது, ஒருமுறை இறக்கிவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும்.

ஏ சைன் பி எக்ஸ் என்று அடித்தால் ஏ, பி இரண்டுக்கும் ஸ்லைடர் தானே வந்துவிடும். பி-யை 1-லிருந்து 3-க்கு இழுங்கள், அலைகள் நெருக்கிக்கொண்டு வரும். பீரியட் 2 பையை மூன்றால் வகுத்தது என்று பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள். ஏ-யை எவ்வளவு ஏற்றினாலும் வீச்சுதான் (அலையின் உயரம்) மாறும், பீரியட் அசையாது.

மா சீசனும் வருஷா வருஷம் வருதே, அதுவும் பீரியாடிக் (காலமுறை) தானே சார் என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. சீசன் திரும்பி வரும், மகசூல் அதே அளவில் திரும்பாதே! எந்த எக்ஸ் எடுத்தாலும் ஒரு பீரியட் தள்ளி அதே மதிப்பு வந்தாக வேண்டும். சைன் எக்ஸோடு எக்ஸ்/10-ஐக் கூட்டி வரைந்து காட்டினேன், அலை அலையாக வந்தாலும் மேலே ஏறிக்கொண்டே போனது, அவளுக்குப் புரிந்துவிட்டது.

குறை என்றால், சைன் 30-இல் டிகிரி குறி இல்லாவிட்டால் அது ரேடியன் (கோணத்தின் இன்னொரு அலகு) கணக்கில் −0.99 ஆகிவிடும், குறி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியமானது, படம் நிரூபணம் ஆகாது. காஸ் எக்ஸ் + காஸ் ரூட் 2 எக்ஸ் வரைந்து பாருங்கள். எக்ஸ் 0 ஆனால் மதிப்பு 2. 24 பையில் 1.98, சின்னத் திரையில் அதுவும் 2 மாதிரியே தெரியும், திரும்ப வந்துவிட்டது என்று அடித்துச் சொல்வார்கள். ஆனால் மறுபடி சரியாக 2 வர வேண்டுமானால் இரண்டு காஸும் ஒரே இடத்தில் 1 ஆக வேண்டும், அதாவது எக்ஸும் ரூட் 2 எக்ஸும் 2 பையின் முழு மடங்காக இருக்க வேண்டும், அப்படியானால் ரூட் 2 ஒரு பின்னமாகிவிடும். அது நடக்காது, அதனால் இந்தச் சார்புக்குப் பீரியடே கிடையாது. இதைப் பேப்பரில்தான் காட்ட முடியும்.

போனில் கிடைமட்டமாக வைத்துப் பாருங்கள், அப்புறம் எக்ஸ் அச்சை செட்டிங்ஸில் பை அலகுக்கு மாற்றிவிடுங்கள்.