விண்டோசுக்குள் லினக்ஸா, லினக்ஸ் மட்டுமா?

அக்கா மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். போன வாரம் ஈசூன் வீட்டுக்குப் போனபோது, "மாமா, பாடத்துக்கு லினக்ஸ் வேணும். டபிள்யூஎஸ்எல் போதுமா, இல்ல விண்டோசை எடுத்துட்டு உபுண்டு போட்டுடவா?" என்று கேட்டான். லினக்ஸ் என்பது விண்டோசைப் போலவே கணினியை இயக்கும் மென்பொருள், ஆனால் அதன் நிரல் எல்லாருக்கும் திறந்தது. உபுண்டு அதன் ஒரு வகை. டபிள்யூஎஸ்எல் என்பது விண்டோசுக்குள்ளேயே லினக்ஸை ஓட்ட மைக்ரோசாஃப்ட் தரும் வசதி.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்தக் கேள்வியே பிறந்திருக்காது. 2001-இல் மைக்ரோசாஃப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோய் என்றார். 2009-இல் அதே நிறுவனம் லினக்ஸ் கெர்னலுக்கு, அதாவது அதன் மையப் பகுதிக்கு, ஏறத்தாழ 20,000 வரி நிரலைக் கொடுத்தது. 2014-இல் அதன் புதிய தலைவர் சத்ய நாதெல்லா லினக்ஸை நேசிப்பதாக மேடையிலேயே சொன்னார். மைக்ரோசாஃப்டின் மேகக் கணிமைச் சேவையான அசூரில் சர்வர் எடுக்க வந்தவர்கள் லினக்ஸ் கேட்டார்கள். கேட்டதைக் கொடுத்தால்தானே வியாபாரம்? நோக்கம் எதுவானாலும் பலன் நமக்கு நல்லதுதான்.

சரி, டபிள்யூஎஸ்எல். 2016-இல் வந்த முதல் பதிப்பு லினக்ஸின் அழைப்புகளை விண்டோசுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுத்தது, அவ்வளவுதான். உள்ளே லினக்ஸ் கெர்னல் கிடையாது; செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கர் ஓடாது. 2020-இல் வெளியான இரண்டாம் பதிப்பில் அசல் லினக்ஸ் கெர்னலே சிறு மெய்நிகர் கணினியில் ஓடுகிறது. ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். வேர்டு ஒரு பக்கம், டெர்மினல் மறு பக்கம். வீவக வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுப்பது மாதிரி: வசதி உண்டு, அடுப்படி வீட்டுக்காரரோடு பொது. நினைவகத்தில் பாதி வரை அது எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி கணினியில் மூச்சு முட்டும். நிரல் கோப்புகளை சி டிரைவில் வைத்தால் நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கூட நகராது. அவற்றை லினக்ஸ் பக்கமே வையுங்கள், வேகம் உடனே தெரியும்.

முழு லினக்ஸில் நினைவகம் மொத்தமும் நம் கையில். கெர்னலையே பிரித்துப் பார்த்துக் கற்கலாம். எனக்கு இதுதான் பெரிது. ஆனால் மாணவனுக்கு ஒரு சிக்கல் உண்டு. தேர்வின்போது திரையைப் பூட்டும் மென்பொருள்கள் பலவும் விண்டோஸ், மேக் இரண்டில்தான் ஓடும்.

அப்படியானால் இரண்டையும் போட்டு டூயல் பூட் செய்யலாமே என்பார்கள். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு, அப்படி வைத்திருந்த பலருடைய லினக்ஸைத் தொடங்கவே விடவில்லை. செமஸ்டர் நடுவில் அந்தத் தலைவலி வேண்டாம்.

2025 மே மாதம் டபிள்யூஎஸ்எல்-இன் நிரலையும் யாரும் பார்த்து மாற்றும்படி திறந்துவிட்டார்கள். விண்டோஸ் மட்டும் இன்னும் மூடியே இருக்கிறது. அது எனக்கு உறுத்துகிறது.

அவனுடைய லேப்டாப் 16 ஜிபி. அதில் டபிள்யூஎஸ்எல்-இன் இரண்டாம் பதிப்பே போதும் என்றேன். அப்புறம் அலமாரியில் கிடந்த அக்காவின் பழைய லேப்டாப்பை எடுத்தோம். விண்டோஸ் 11 அதில் ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதில் உபுண்டு மட்டும் போட்டோம். தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துக் கொடுத்தேன். இப்போது அக்காதான் அதை அதிகம் பயன்படுத்துகிறார்.