கன்னத்துக் கொழுப்புக் கட்டி: கத்தியா, லேசரா, அப்படியே விடலாமா?

ஏற்காட்டில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு இடது கன்னத்தின் உள்பக்கம் ஒரு கட்டி. வலியே இல்லை. நாலு வருடமாக மெதுவாக வளர்ந்து நெல்லிக்காய் அளவுக்கு வந்ததும், சாப்பிடும்போது கடிபட ஆரம்பித்தது. சேலத்துக்குக் கூட்டிவந்து காட்டினேன். தொட்டால் மெத்தென்று நழுவியது, லேசான மஞ்சள் நிறம். கொழுப்புக் கட்டியாகத்தான் இருக்கும் என்றார் டாக்டர். இது புற்றுநோய் இல்லை. வாய்க்குள் வருவது குறைவுதான், வந்தால் பெரும்பாலும் நாற்பது வயதுக்கு மேல், கன்னத்தில்தான் வரும்.

அப்படியே விடலாமா? சின்னதாக, கடிபடாமல் இருந்து, டாக்டரும் பார்த்துச் சொல்லியிருந்தால் விடலாம். ஆனால் உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டியும் கையில் இப்படியே தட்டுப்படலாம். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் வாயில் எந்தக் கட்டி வந்தாலும், இரண்டு வாரத்தில் ஆறாத எந்தப் புண் வந்தாலும், 'பார்த்துக்கலாம்' என்று தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

"கத்தி வேண்டாம்டா, லேசர்ல பண்ணச் சொல்லு" என்றார் பெரியம்மா. அவர் பயத்திலும் நியாயம் உண்டு. லேசரில் ரத்தம் குறைவு, பல சமயம் தையலே தேவையில்லை. தையல் பிரிக்க இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டாம் என்பது மலையில் இருப்பவருக்குப் பெரிய விஷயம். உதட்டிலோ நாக்கு நுனியிலோ மேலாக இருக்கும் சின்னக் கட்டிக்கு நானும் லேசரையே சொல்வேன். ஆனால் அதன் சூட்டில் கட்டியின் ஓரம் கருகினால், பயாப்ஸியில் (எடுத்த கட்டியை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சோதனை) அந்த ஓரத்தைச் சரியாகப் பார்க்க முடியாது. செலவும் பொதுவாகக் கூடுதல்.

பெரியம்மாவின் கட்டி கொஞ்சம் ஆழம். கன்னத்தில் உமிழ்நீர்க் குழாயும் முகநரம்பின் கிளைகளும் ஓடுவதால், மேலே கீறிவிட்டு, பக்கத்துச் சதையை மெதுவாக விலக்கித்தான் எடுக்க வேண்டும். அதனால் கத்திதான் என்று முடிவு செய்தோம். முழு மயக்கம் தேவைப்படவில்லை, மரத்துப்போகிற ஊசி மட்டும்தான். மெல்லிய உறை இருந்ததால், நுங்கைச் சுளையாக எடுப்பதுபோலக் கட்டி முழுசாக வந்துவிட்டது. சதை கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவக் குப்பியில் போட்டதும் மிதந்தது! சாதாரணச் சதை அடியில் போய்விடும், கொழுப்பு மிதக்கும் என்று டாக்டர் காட்டினார்.

அப்புறம், தானே கரையும் நூலில் தையல் போடச் சொல்லிக் கேட்டோம். பிரிக்க வரவேண்டிய அலைச்சல் மிச்சம். ஒரு வாரம் ஆறின கஞ்சி, ரசம் சாதம், உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு. தட்டுவடை செட் பக்கமே போகக்கூடாது என்றதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

உறையோடு முழுசாக எடுத்துவிட்டால் திரும்ப வருவது அரிது. தசைக்குள் ஊடுருவிய வகைதான் மறுபடி தலைகாட்டும். இது அந்த வகையா என்பதைப் பயாப்ஸிதான் சொல்லும். அதனால் எந்த வழியில் எடுத்தாலும் கட்டியைப் பயாப்ஸிக்கு அனுப்புவார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பெரியம்மாவின் ரிப்போர்ட்டை நானே போய் வாங்கினேன். சாதாரணக் கொழுப்புக் கட்டிதான், தசைக்குள் இறங்கவில்லை. ஃபோனில் சொன்னதும், "அப்ப தட்டுவடை வாங்கிட்டு வா" என்றார்.