அவ்வை தி. க. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’: வாங்கலாமா?

வாங்கலாம். ஆண்டு விழா வந்தால் பிள்ளைகளை மேடையேற்றிவிட்டுத் திரைக்குப் பின்னால் வியர்த்துக்கொண்டு நிற்கும் என்னைப் போன்ற பள்ளிக்கூட ஆசிரியைகள் கட்டாயம் வாங்கலாம். நாடக நடிகர் ஒருவரின் தன்வரலாறு இது, 1972-இல் வந்தது. அடுத்த ஆண்டே சண்முகம் காலமாகிவிட்டார். நாட்டுடைமையான எழுத்து என்பதால் விக்கிமூலத்தில் காசில்லாமலும் கிடைக்கிறது. போனில் தள்ளித் தள்ளி வாசிக்க எனக்குப் பொறுமை இல்லை, அச்சுப் பிரதிதான் வாங்கினேன்.

1918-இல் மதுரையில் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் கம்பெனியில் (சிறுவர்களே நடிக்கும் நாடகக் குழு) அண்ணன்மாரோடு சேரும்போது இவருக்கு ஆறு வயது. அப்பா கண்ணுசாமிப் பிள்ளையே ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேஷம் கட்டும் நடிகர்தான். அங்கிருந்து 1922-இல் சுவாமிகள் புதுச்சேரியில் இறக்கும் வரையிலான பகுதிக்காகவே கொடுத்த காசு தகும். சனீஸ்வரன் வேஷத்தில் தன்னைப் பார்த்த ஒரு பெண் அதிர்ச்சியில் இறந்துபோனதாகவும், அதன்பிறகே சுவாமிகள் வேஷம் கட்டுவதை விட்டு ஆசிரியராக மாறியதாகவும் ஒரு கதை உண்டு. அப்படிப்பட்டவர், பத்து வயதுகூட நிரம்பாத சண்முகம் அபிமன்யுவாக நடிப்பதற்காக ஒரே இரவில் நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகளோடு முழு நாடகத்தையும் எழுதி முடித்தாராம். நான் இருபது நிமிட நாடகத்துக்கு ஒரு மாதம் உருட்டிக்கொண்டிருக்கிறேன்! கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து அவருக்குப் பேச்சே நின்றுபோனது. அதை வாசித்துவிட்டுப் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன்.

அப்புறம் வேகம் குறைகிறது. எந்த ஊரில் முகாம், எந்த நாடகம், யாருக்கு என்ன பார்ட் என்று பக்கங்கள் போகின்றன. ஆராய்ச்சி செய்பவர்களுக்கு அது புதையல். நான் பல இடங்களில் தாண்டிப் போனேன். இன்னொரு குறை: ராத்திரியெல்லாம் கண்விழித்து நடித்த சின்னப் பிள்ளைகளின் பாடு, மகரக்கட்டு (வளரும் வயதில் பையன்களின் குரல்) உடைந்தால் பாட்டும் போய் பார்ட்டும் போய்விடுமே என்ற பயம், இதெல்லாம் குருபக்திக்கு அடியில் அமுங்கிவிடுகிறது. கொஞ்சம் கோபப்பட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

1925-இல் அண்ணன் தம்பி நால்வரும் சொந்தமாக பால ஷண்முகானந்த சபாவைத் தொடங்கியதும் கதை மறுபடி சூடு பிடிக்கிறது. என். எஸ். கிருஷ்ணன் வளர்ந்த இடம் அது. பாட்டிலேயே ஓடிக்கொண்டிருந்தவர்களை வசனம் பேசி நடிக்கப் பழக்கியவர் எம். கந்தசாமி முதலியார். சினிமா நடிகர் எம். கே. ராதாவின் அப்பா. ‘மனோகரா’, ‘மேனகா’ மாதிரியான நாடகங்கள் அவர் கையில் எப்படி உருவாயின என்பதைப் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுப்பவர்கள் ஒருமுறைக்கு இருமுறை வாசிக்க வேண்டும். நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறார்களே தவிர, எதிரில் நிற்பவரிடம் பேசுவதில்லை. அந்த வியாதி அன்றும் இருந்திருக்கிறது.

1942-இல் ‘அவ்வையார்’ மேடையேறியபோது சண்முகத்துக்கு முப்பது வயது. அந்த வயதில் கூன் விழுந்த கிழவியாக நின்று, பெயருக்கு முன்னால் ‘அவ்வை’யையும் வாங்கிக்கொண்டார்.

கமல் தன் படத்துக்கு ஏன் ‘அவ்வை சண்முகி’ என்று பெயர் வைத்தார் என்பதை மட்டும் தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கு இவ்வளவு தடிமனான புத்தகம் வேண்டாம். மேலே உள்ள பத்தி போதும்.